பெயரில்லாத நாலு பேர்

மூன்று புள்ளி. ஒன்று வை என்றால் மூன்று வைக்கிறது. ஜசிந்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், ஏற்றினால் ஒன்றும் தெரியாது என்று நினைவு வந்து மறுபடி இறக்கினாள். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தன, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றின் வாலிலும் மூன்று புள்ளி, ஒவ்வொருத்தியும் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்ட மாதிரி. மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் இது சிஸ்டர் ஃபிளாவியாவுக்குப் போயாக வேண்டும். கான்வென்ட்டின் நூற்றாண்டு மலரில் பழைய மாணவிகள் பட்டியல். பக்கம் மிச்சம் பிடிக்கப் பிரஸ்காரர் பெயர்களை வரிசையாகப் போடாமல் பத்தியாக ஓடவிடப் போகிறாராம், ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவில் புள்ளிதான் வேலி. "பன்னண்டு மணிக்குப் பிரஸ்ஸுக்கு அனுப்பிருவேன் ஜசிந்தா. உன்னோடது வரலைன்னா பழைய லிஸ்ட்தான், வேற வழியில்ல," என்று சிஸ்டர் நேற்றுச் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பழைய லிஸ்ட். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பவள விழாவுக்கு ஆபீஸ் கிளார்க் ஒருவர் அடித்தது. கல்யாணமானவள் என்றால் திருமதி என்று போட்டுப் புருஷன் பெயர். திருமதி சேவியர் மட்டும் பதினேழு பேர், அதில் எது தன் வீட்டுக்காரி என்று அந்தச் சேவியர்களுக்கே தெரிந்திருக்காது. ஜசிந்தா அதில் திருமதி பெர்க்மான்ஸ். பெர்க்மான்ஸ் அந்தக் கான்வென்ட் கேட்டில் சைக்கிளைச் சாய்த்து வைத்ததற்கே வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் பெயர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, பன்னிரண்டு வருஷம் அங்கே முட்டி தேய முழங்காலில் நின்றவளின் பெயர் வெளியே நின்றது. சிஸ்டர் கேட்டதென்னவோ கடைசி இருபத்தைந்து வருஷத்தைச் சேர்த்துக்கொடு என்று மட்டும்தான். திருமதிகளை எல்லாம் எடுத்துவிட்டுச் சொந்தப் பெயர் போடுகிறேன் என்று இவள் சொல்லவில்லை. கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள்.

புள்ளியைக் கையால் வைத்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்குமோ. முடிந்திருக்காது, நாலாயிரம் தடவை. இந்த எடிட்டரைப் போட்டுக் கொடுத்தது பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஷெரின், கிறிஸ்துமஸுக்கு வந்தவள். முன்பு எழுதிக்கொண்டிருந்ததில் மூவாயிரம் பெயரைத் தாண்டியதும் திரை உறைந்து உறைந்து நின்றது. "இது வெறும் எழுத்து எழுதுற இடம் மம்மி, ஆனா நீங்க சொன்னா சொன்னதைச் செய்யும்," என்றாள். சொன்னதைச் செய்வது என்று இந்த வீட்டில் ஒன்று இருந்தால் அதைப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று ஜசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடைப்புக்குறி, அதற்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. ஷெரின் பயந்தாள், அம்மா ஓடிவிடுவாள் என்று. அம்மா ஏன் ஓடுகிறாள். ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் வாக்கியத்தைக் கோழி அறுப்பதுபோல மூட்டு மூட்டாகக் கழற்றி எது எதைத் தாங்குகிறது என்று போர்டில் எழுதவைத்தவர்களிடம் படித்தவள். திறந்ததை மூடு, மூடினால் எதை மூடினாய் என்று சொல், அவ்வளவுதானே. "ஃபங்ஷன்னா எடிட்டருக்கு நாம எழுதிக்குடுக்குற வேலை, அதப் பேர் வைக்காமகூட எழுதலாம் மம்மி. லாம்டான்னு சொல்லிட்டு நேரா வேலையச் சொல்லிரலாம்." "பேர் இல்லாம எப்படிட்டி கூப்பிடுவ?" "கூப்பிட வேண்டாம், சேவ் பண்றப்ப செய்ய வேண்டியதுன்னு எடிட்டர்கிட்ட ஒரு கொக்கி இருக்கு. அதுல மாட்டிவிட்டா அதுவா செஞ்சிக்கிடும்." இவளுக்கு அது பிடித்துவிட்டது. பொறுமையில்லாதவளுக்கு அளவெடுத்துத் தைத்தமாதிரி. பெயர் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம், வேலையைச் சொன்னோமா, மாட்டினோமா. அப்படித்தான் இன்று காலை ஒன்பதுக்கு, மீன்காரியை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, ஒவ்வொரு வரியின் கடைசிக்கும் போய் ஒரு புள்ளி வை என்று எழுதி மாட்டினாள். சேவ் செய்தாள். வைத்தது. அழகு. போய் நகரை மீன் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்து இன்னொரு தடவை சேவ் செய்தாள். இரண்டு புள்ளி. சரி, தப்பு என்னுடையது, ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லையே. அந்த வரியைத் திருத்தி, மறுபடி மாட்டி, பெயர்களை எல்லாம் புள்ளியில்லாத பழைய நிலைக்குத் திருப்பி, சேவ். இரண்டு. பார்க்கச் சொன்ன இடம் தப்பு, நிற்கிற இடத்துக்கு முன்னால் பார்ப்பதற்குப் பதில் பின்னால் பார்க்கிறது, முதுகுக்குப் பின்னால் பையைத் தேடுகிறவள் மாதிரி. திருத்தினாள். மாட்டினாள். திருப்பினாள். சேவ். மூன்று. திருத்தத் திருத்தக் கூடுகிற தப்பை அவள் மனுஷர்களிடம் பார்த்திருக்கிறாள், மாமியார் உயிரோடு இருந்தவரை தினமும் பார்த்தாள், மெஷினில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஷெரினுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்து நின்றது, பிறகு எழுத்தில் ஒரு வரி வந்தது, மீட்டிங், பன்னிரண்டரைக்குக் கூப்பிடறேன். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டு என்ன, சவத்தைத் தூக்கி எடுத்த பிறகு டாக்டர் வருகிற மாதிரி. ஜன்னலில் பூனை. தொட்டியில் நகரை கழுவாமல் கிடக்கிறது, பூனைக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். எட்டு மாதம். எட்டு மாதமாக மத்தியானங்களில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து போன் போட்டது. ஹலோ, திருமதி மோசஸ் வீடா, நான் ஜசிந்தா, கான்வென்ட்டில் எண்பத்தாறு பேட்ச், உங்க பேர் என்ன போடணும். அந்தப் பக்கம் ஒரு மௌனம் வரும் பாருங்கள், நூற்றில் தொண்ணூறு பேரிடமும் அதே மௌனம், வீட்டுக்குள் யாரோ தன்னைக் கூப்பிட்டார்களா என்று காது கொடுக்கிற மௌனம். ஒருத்தி சொன்னாள், "என் பேரா? இருங்க, ரேஷன் கார்டப் பாத்துச் சொல்றேன்," என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் எழுந்து போனாள், செருப்புச் சத்தம் கேட்டது. இன்னொருத்தி தன் பெயரைச் சொல்லிவிட்டு, "யார்ட்டயும் சொல்லிராதீங்க," என்றாள், ஐயோ அம்மா, புத்தகத்தில் போடத்தான் கேட்கிறேன் என்று இவள் தலையில் அடித்துக்கொண்டாள். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பின்னால் பெயர், அவ்வளவுதான் ஒவ்வொரு வரியும். சே. ஜசிந்தா. அப்பாவையும் எடுத்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் தோன்றியது, எடுத்துப் பார்த்தால் ஒரே பேட்ச்சில் மூன்று ஜசிந்தா, பதினொரு அமலி. அப்பாக்கள் இருந்துவிட்டுப் போகட்டும். பெர்க்மான்ஸ் ஒருநாள் காப்பி டம்ளரோடு பின்னால் வந்து நின்று பார்த்தார். "இதுக்கு இவ்வளவு கஷ்டமாட்டி? ஊருக்கே தெரியும், இன்னார் சம்சாரம் இன்னாருன்னு." "ஊருக்குத் தெரிஞ்சது சம்சாரம். இது பள்ளிக்கூடத்து லிஸ்ட். நீங்க எந்த வருஷம் பாஸ் பண்ணீங்க எங்க கான்வென்ட்ல?" காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களிடம்தான் இதை விளக்க முடிவதில்லை. கிளாரிண்டாவை மட்டும் நினைத்தால் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. அவர்களுடைய கிளாஸ் லீடர், நீலப் பேட்ஜ் குத்திய கிளாரிண்டா, நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒருநாள் கிளம்பிப் போனவள், கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஹாஸ்டலில் வார்டனாக இருக்கிறாள் என்று ஏழு பேரைக் கேட்டு ஜசிந்தா நம்பர் பிடித்தாள். "ஏட்டி ஜசி, நீயா! என் பேரா? வேண்டாம்ட்டி. என்னையக் காணோம்னே இருக்கட்டும். அந்த ஆளு கைல அந்தப் புக்கு கிடைச்சா என்ன செய்வான்னு உனக்குத் தெரியாது." கிளாரிண்டாவை எடுத்தபோது வரி நகர்ந்து மூடிக்கொண்டது, அங்கே ஒருத்தி இருந்ததாகவே தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை ஜசிந்தா. பெயரை மீட்டுக் கொடுக்கிறேன் என்று கிளம்பினவளிடம் ஒருத்தி வந்து மறைத்துவை என்றால்.

பதினொன்று ஐந்து. யோசனை எங்கேயோ போகிறது, புள்ளி இங்கேயே நிற்கிறது. விரல்களில் பயம், எதைத் தொட்டாலும் இன்னொன்று கூடிவிடும் என்று. அப்படியானால் தொடாமல் பார்ப்போம் என்று தோன்றியது. எதையும் செய்யாதே என்று எழுதினால்? வேலையே இல்லாத ஒரு ஃபங்ஷன். புள்ளி வைக்கிற வரியை, பார்க்கிற வரியை, போகிற வரியை, எல்லாவற்றையும் அழித்தாள், வெறும் அடைப்புக்குறிகள் மட்டும் மிஞ்சின, சோறு போடாத தட்டு மாதிரி. மாட்டினாள். பெயர்களைப் புள்ளியில்லாத நிலைக்குத் திருப்பினாள், எல்லோரும் சுத்தமாக, வாலில்லாமல் நின்றார்கள். சேவ். மூன்று புள்ளி. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, இவ்வளவு நேரம் கேட்காத சத்தம். ஒன்றும் செய்யாதே என்று சொன்ன பிறகும் மூன்று புள்ளி வைக்கிறது என்றால் வைப்பது இது அல்ல. இவள் ஒரு மணி நேரமாகத் திட்டிக்கொண்டிருந்தது வேறு யாரையோ. வேறு யார். அடுப்படியில் யாரும் இல்லாதபோது பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டால் வருமே, அதுபோல ஒரு சில்லிப்பு பிடரியில் ஏறி, உடனே அவளுக்குக் கோபமும் வந்தது, கோபம் வந்ததும் நிதானமாகிவிட்டாள். எப்போதுமே அப்படித்தான். யார் என்று தெரியாவிட்டால் கேள், வாய் எதற்கு இருக்கிறது. ஷெரின் எழுதிக் கொடுத்த பழைய தாளை அலமாரியில் ஜெபப் புத்தகத்துக்கு அடியிலிருந்து உருவினாள். கொக்கியில் என்னென்ன தொங்குகிறது என்று எடிட்டரைக் கேட்கும் வழி நாலாவது வரியில் இருந்தது, மகளுடைய கோழிக்கிறுக்கலில். கேட்டாள். திரையின் கீழ்ப்பாதி பிளந்துகொண்டு பதில் வந்தது.

லாம்டா. அதன் பின்னால் வெறும் அடைப்புக்குறிகள், இப்போது எழுதிய காலித்தட்டு. லாம்டா, இருக்கிறதா என்று பார்த்து வை என்பது, சரியானது. லாம்டா, தப்பான இடத்தில் பார்ப்பது. லாம்டா, ஒன்றும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவது, காலை ஒன்பது மணிக்காரி. அவர்களுக்குக் கீழே கடைசியாக ஒன்று, பெயரோடு, ஷெரின்-நகல் என்று, ஒவ்வொரு சேவுக்கும் ஒரு நகல் எடுத்துவைக்க மகள் மாட்டிவிட்டுப் போனது. நாலு பேர் பெயரில்லாமல் வரிசையாக நிற்கிறார்கள். ஜசிந்தா சத்தமாக, தனியாக, பூனை திடுக்கிடும்படி, "அடிப்பாவிகளா," என்றாள். ஒருத்தியைத் திருத்தி அனுப்பினோம் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் போகவில்லை. பெயர் இருந்திருந்தால் அதே பெயரில் புதியவள் வந்ததும் பழையவள் இடத்தைக் காலி செய்திருப்பாள். பெயர் இல்லாததால் எடிட்டருக்கு இவள் வேறு, அவள் வேறு. திருத்தின ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு, பழையவர்களையும் வைத்துக்கொண்டு, சேவ் என்றதும் நாலு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு, சரியானவள் ஒன்று வைக்க, குருட்டுப் பெண்கள் இருவரும் ஆளுக்கொன்று வைக்க, காலித்தட்டு சும்மா நின்றுவிட்டுப் போக. யாருடைய தப்பு. எடிட்டரை மூடித் திறந்திருந்தால் போதும், எல்லோரும் மறைந்திருப்பார்கள், காலையிலேயே. ஆனால் மூட மாட்டாள். ஈஸ்டரிலிருந்து மூடவில்லை. மூடினால் எங்கே விட்டோம் என்பது போய்விடும் என்று, ஊறப்போட்ட உளுந்தை, தொடங்கின பின்னலை, பாதிச் சண்டையை அப்படி அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் மறுபடி வந்து தொடர்கிறவர்களின் வழக்கம் அது. முப்பது வருஷம் ஒரு வீட்டை ஓட்டினவளுக்கு மூடுவது என்பது கை வராத காரியம். சரியாகச் செய்துகொண்டிருந்தவள் மூன்றாவதாக எழுதினவள், அவளைத்தான் இவ்வளவு நேரம் மக்கு, மண்டு, மரக்கட்டை என்று திட்டியது. மன்னிப்புக் கேட்க நேரமில்லை.

பதினொன்று முப்பத்தைந்து. ஒருத்தியை மட்டும் இறக்க முடியுமா என்று பார்த்தாள். முடியும், ஆனால் பெயரில்லாதவளை இறக்க அவள் முழுவதையும் எழுத்து மாறாமல், அடைப்புக்குறி பிசகாமல், திருப்பி ஒப்பிக்க வேண்டும். ஒருத்தியை வெளியே அனுப்பக்கூட அவளை முழுவதும் தெரிந்திருக்க வேண்டுமாம். வேண்டாம், கொக்கியையே காலி செய்துவிடலாம். காலி செய்தால் ஷெரினுடையதும் போகும், ஆனால் அவளுக்குப் பெயர் இருக்கிறது, பெயர் சொல்லி மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம். காலி செய்தாள். ஷெரின்-நகலைக் கூப்பிட்டு மாட்டினாள். பிறகு மூன்றாமவளைப் புதிதாக உட்கார்ந்து எழுதி, புள்ளி-வை என்று பெயர் வைத்தாள். வேறு அழகான பெயரெல்லாம் வந்தது, வேலைக்குத் தகுந்த பெயர் போதும். இனி, ஏற்கெனவே கிடக்கிற மும்மூன்று புள்ளிகளை அள்ளிப்போட ஒரு வேலை. அதற்கும் ஒரு பெயர் யோசித்து விரல்கள் நின்றன, கிளாரிண்டா வந்தாள், காணோம்னே இருக்கட்டும் என்றாள். சரி, இதற்கு எதற்குப் பெயர். ஒரு தடவை வந்து, அள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகப் போகிறவளுக்குப் பெயர் வேண்டாம், கேட்பதுகூட மரியாதையில்லை. வீட்டிலேயே தங்கி தினமும் வேலை செய்கிறவளுக்குத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவள் சரியாகச் செய்தாளா தப்பாகச் செய்தாளா என்பதுகூட ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். லாம்டா என்று எழுதி, வால் புள்ளிகளை எல்லாம் எடு என்று ஒரே வரி, கொக்கியில் மாட்டாமல், இங்கேயே, இப்போதே, ஒரே ஒரு தடவை. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வாலும் விழுந்தது. சேவ். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்பது திறந்தபோதுதான் தெரிந்தது. ஒரு புள்ளி. மறுபடி சேவ். ஒன்று. கீழே ஓடவிட்டாள், எழுபத்திரண்டு, எண்பத்தாறு, தொண்ணூற்றொன்பது, எல்லா வருஷத்துப் பெண்களும் ஒற்றைப் புள்ளியோடு, அசெம்பிளியில் கைநீட்டி இடைவெளி விட்டு நிற்கிற மாதிரி நின்றார்கள். பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினாள்.

அனுப்பிய பிறகு தொட்டியடியில் போய் நின்று மீனை எடுத்து செதிளைச் சுரண்டத் தொடங்கினாள், இரண்டாவது மீனில் போன் அடித்தது. செதிள் ஒட்டிய விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள். "ஜசிந்தா, வந்துச்சு, தொறந்து பாத்தேன்," சிஸ்டர் ஃபிளாவியாவின் குரல், எழுபத்தைந்து வயதிலும் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். "பேரா இருக்கு. எல்லாம் வெறும் பேரா இருக்கு. திருமதி எல்லாரும் எங்கம்மா போனாங்க?" "வீட்ல சமைச்சிட்டு இருக்காங்க சிஸ்டர். பள்ளிக்கூடத்துக்கு வந்தவங்க மட்டும்தான் லிஸ்ட்ல." சிஸ்டரின் குரல் கண்டிப்புக்கு ஏறியது. "யாரக் கேட்டு மாத்துன?" "அவங்கவங்களத்தான் கேட்டேன் சிஸ்டர். செத்துப்போனவங்களுக்கும் பதில் வராதவங்களுக்கும் அட்மிஷன் ரெஜிஸ்டர் பாத்தேன்." சுவர்க்கடிகாரம் பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் காட்டியது. அந்தப் பக்கம் மவுஸை உருட்டும் சத்தம், கிர், கிர், நின்றது. "நானும் இங்கதான் படிச்சேன். ஃபிளாவியான்னு தேடினேன், இல்லையே." "அது மடத்துல சேந்த பொறவு வச்ச பேருல்லா சிஸ்டர். அறுபத்தேழாம் வருஷத்துல பாருங்க. மேலருந்து ஏழாவது." மறுபடி உருட்டும் சத்தம். மெதுவாக. ஜசிந்தா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனைப் பக்கத்தில் இழுத்தாள். "ம. சவேரியம்மாள்," என்று சிஸ்டர் வாசித்தார், எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் மாதிரி. "சரி, இப்படியே போகட்டும். பிரஸ்ஸுக்கு அனுப்பிடறேன்," என்றார், பிறகு போனை வைக்க மறந்தவர்போல, யாரையோ மாடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, அந்தப் பெயரை இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, சொன்னார்.